செய்தியை அழிக்கும் நொதிகள்

ஆக்கத் தொழிலைப் போற்றுவது மனித இயல்பு. கோபுரம் கட்டியவன் பெயரைக் கல்லில் வெட்டுகிறோம். கட்டி முடித்தபின் சாரத்தைப் பிரித்து இறக்கியவன் யார் என்று எவரும் கேட்பதில்லை. அறிவியலாரும் மனிதரே ஆகையால் அவர்களிடத்தும் இவ்வியல்பு உண்டு. உயிரணு தனக்கு வேண்டிய பொருள்களை எவ்வாறு ஆக்கிக்கொள்கிறது என்று அறிவதில் அவர்கள் காட்டிய ஆர்வத்தை, ஆக்கியவற்றை அது எவ்வாறு அழிக்கிறது என்று அறிவதில் நெடுங்காலம் காட்டவில்லை. அதனால் விளைந்த ஒரு விந்தையான வரலாற்றை இன்று மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அழிக்கும் தொழிலுடைய நொதி ஒன்று ஆக்கும் தொழிலுடையது என்று உலகோரால் பாராட்டப்பெற்றது. அதன் உண்மைத் தொழில் விளங்கப் பல்லாண்டுகள் சென்றன. பின்னர் அதன் உறவினர் கூட்டமே நம் உடலில் குடியிருப்பது தெரியவந்தது.

முதலில் அழிபடும் பொருள் எது என்று கூறிவிடுகிறேன். உயிரணுவின் மரபுச் செய்தி முழுவதும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் அடங்கியுள்ளது. அரண்மனைச் சுவடிச்சாலையில் உள்ள மூல ஏட்டைப் போன்றது அது; அதை எவரும் வெளியே எடுத்துச் செல்வதில்லை. வேண்டிய பொழுது வேண்டிய பகுதியை மட்டும் ஓர் ஓலை நறுக்கில் படியெடுத்து அனுப்புவார்கள் அல்லவா? அந்த ஓலை நறுக்குத்தான் ரிபோ நியூக்ளிக் அமிலம், சுருங்கச் சொன்னால் ஆர்.என்.ஏ. என்பது. அது ரிபோசோம் என்னும் பட்டறையை அடைந்ததும், அதில் எழுதியுள்ளவாறு புரதம் உருவாகிறது. இவ்வோலைக்குத் தூதுவன் என்று பெயரிட்டு, அது இருந்தே தீரவேண்டும் என்று 1961-ஆம் ஆண்டில் வாதிட்டவர்கள் பிரான்சு நாட்டு அறிஞர்களான பிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ ஆகிய இருவர். அதே ஆண்டில் சிட்னி பிரென்னர், ஜேக்கப், மாத்யூ மெசல்சன் ஆகிய மூவரும் சோதனை வாயிலாக அதனைக் காட்டினர்.

இத்தூதுவனின் தலையாய இலக்கணம் குறுகிய ஆயுள். நம் குடலில் வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியத்தில் தூது ஆர்.என்.ஏ. சில நிமிடங்களே உயிர் வாழ்கிறது. இது குறையன்று. பாற்சர்க்கரை கிடைத்தவுடன் அதைச் செரிக்கும் நொதியை ஆக்குமாறு பாக்டீரியம் ஓலை எழுதுகிறது. சர்க்கரை தீர்ந்த பின்னும் அந்த ஓலை அழியாதிருப்பின், பட்டறை வேண்டாத நொதியை ஆக்கிக்கொண்டே இருக்கும். உணவும் ஆற்றலும் வீணாகும். கணக்கு ஆசிரியர் கரும்பலகையைத் துடைக்காமற் சென்றுவிட்டால் அடுத்த மணியில் வரும் தமிழாசிரியர் என் செய்வார்? சுண்ணக்கட்டியைப் போலவே துடைப்பானும் பாடம் நடத்தும் கருவிதான் என்பதை முப்பத்தைந்து ஆண்டு ஆசிரியப் பணியில் நான் நன்கு அறிந்துகொண்டேன்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1921-இல் உருசியாவின் பெட்ரோகிராடு நகரில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் பிரான்சுக்குக் குடிபெயர்ந்தவர் மரியான் குரூன்பெர்க்-மனாகோ என்னும் அம்மையார். 1950-களின் முற்பகுதியில் அவர் நியூயார்க்குப் பல்கலைக்கழகத்தில் செவெரோ ஒச்சோவா என்னும் பேராசிரியரின் ஆய்வகத்திற் சேர்ந்தார். ஒச்சோவா ஸ்பெயின் நாட்டவர். உணவு எரிந்து வெளிப்படும் ஆற்றல், பாஸ்பேட்டுப் பிணைப்புகளில் எவ்வாறு சேமிக்கப்படுகிறது என்பதே அங்கு நடந்த ஆராய்ச்சி. ஆர்.என்.ஏ.யைப் பற்றி அப்போது எவரும் எண்ணவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அம்மையார் எடுத்துக்கொண்ட நுண்ணுயிர் அசோட்டோபாக்டர். காற்றிலுள்ள நைட்டிரசனை மண்ணில் நிலைப்படுத்தும் இவ்வினத்தை இன்று நம் உழவர்கள் உயிர் உரமாக இடுகிறார்கள். அதன் சாற்றில் கதிர்வீச்சுடைய பாஸ்பேட்டைச் சேர்த்து, அது அடினோசின் முப்பாஸ்பேட்டு என்னும் பொருளில் இடம் பிடிக்கிறதா என்று அவர் பார்த்தார். பிடித்தது. ஆனால் நன்கு தூய்மை செய்து படிகமாக்கிய முப்பாஸ்பேட்டைக் கொண்டு அதே சோதனையைச் செய்தபோது ஒன்றும் நிகழவில்லை! தூய பொருளில் நிகழாதது தூய்மையற்ற பொருளில் நிகழ்வானேன்? பலர் இவ்விடத்தில் சோதனை பழுது என்று குறித்துவிட்டு அடுத்த வேலைக்குச் சென்றிருப்பர். அம்மையார் அவ்வாறு செல்லவில்லை. கலந்திருந்த மாசு எது என்று தேடினார். அது அடினோசின் இருபாஸ்பேட்டு. அதைத் தனியே எடுத்துச் சாற்றில் இட்டுப் பார்த்தால், அதன் ஒரு பாஸ்பேட்டு கழன்று விழ, எஞ்சிய பகுதிகள் கண்ணி கண்ணியாக இணைந்து நீண்ட சங்கிலியாயின. அச்சங்கிலி ஆர்.என்.ஏ.யின் கட்டமைப்பை உடையதாக இருந்தது.

1955-இல் இக்கண்டுபிடிப்பு வெளியாயிற்று. உயிரணுவுக்கு வெளியே, கண்ணாடிக் குழாயில், ஆர்.என்.ஏ. போன்ற பொருளை மனிதன் ஆக்கியது அதுவே முதன்முறை. வியப்பு எழுந்ததில் வியப்பில்லை. டி.என்.ஏ.யின் வடிவம் தெரிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. ஆர்.என்.ஏ.யை ஆக்கும் நொதி அகப்பட்டுவிட்டது என்றே உலகம் கருதியது. 1959-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு ஒச்சோவாவுக்கும், டி.என்.ஏ.யை ஆக்கும் நொதியைக் கண்ட ஆர்தர் கார்ன்பெர்க்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. மாசைத் துருவிக் கண்ட மரியான் அம்மையாருக்கு அதில் பங்கில்லை. இவ்வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஐயங்கள் விரைவிலேயே எழுந்தன. முதலாவது, இந்நொதிக்கு மூல ஏடு எதுவும் வேண்டியதில்லை. எந்தக் கண்ணிகளைக் கொடுத்தாலும் கைக்கு வந்தபடி கோத்துவிடும். பார்த்து எழுதாத படி எவ்வாறு படியாகும்? இரண்டாவது, அதன் வினை இரு திசையும் செல்லக்கூடியது. இருபாஸ்பேட்டு மிகுந்திருந்தால் சங்கிலி வளரும். பாஸ்பேட்டு மிகுந்திருந்தால், அப்பாஸ்பேட்டையே உளியாகக் கொண்டு நொதி சங்கிலியின் முனையிலிருந்து ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றும். உயிரணுவினுள் பாஸ்பேட்டு மிகுதி. எனவே அங்கே நடப்பது கழற்றும் தொழில். 1959, 1960 ஆண்டுகளில், டி.என்.ஏ.யைப் பார்த்துப் படியெடுக்கும் மெய்யான ஆக்க நொதி வேறாகக் கண்டறியப்பட்டது. பரிசு பெற்ற நொதி அழிப்போர் பக்கம் சென்று நின்றது.

இங்கே இரண்டு செய்திகளைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. ஒன்று, இதற்கு முன்மாதிரி ஒன்று இருந்தது. காரல் கோரி, கெர்ட்டி கோரி என்னும் தம்பதியர் 1939-இல் கிளைகோசன் என்னும் விலங்கு மாவுப்பொருளை ஒரு நொதியால் குழாயில் ஆக்கிக் காட்டினர். 1947-இல் நோபெல் பரிசும் பெற்றனர். உடலில் அந்நொதி கிளைகோசனைப் பிளக்கவே உள்ளது என்பதும், ஆக்கும் வழி வேறு என்பதும் 1957-இல் லெலுவார் என்னும் அர்சென்டினா அறிஞரால் தெளிவாயின. ஒச்சோவா 1940-களின் தொடக்கத்தில் அக்கோரி தம்பதியரிடம் பணியாற்றியவர்! மற்றொன்று, மரியானும் ஒச்சோவாவும் தம் நொதிக்கு இட்ட பெயர் பாலிநியூக்ளியோட்டைடு பாஸ்பாரிலேசு. பாஸ்பேட்டைக் கொண்டு பிளப்பது என்பதே பாஸ்பாரிலேசு என்னும் சொல்லின் குறிப்பு. பெயரில் உண்மை இருந்தது; பாராட்டியவர்கள் பெயரைப் படித்தார்களே தவிர அதன் பொருளை எண்ணவில்லை.

ஆயின் ஒச்சோவாவின் பரிசு வீண் என்று கூறுவாரோடு நான் உடன்படேன். மூல ஏடு வேண்டாத நொதி என்பதே பெரும் பயனாக முடிந்தது. 1961 மே மாதத்தில் அமெரிக்காவின் பெதெஸ்டாவில் மார்ஷல் நைரன்பெர்க்கும் ஹைன்ரிச் மத்தாயும், யுராசில் என்ற ஒரே எழுத்து மட்டும் திரும்பத் திரும்ப வரும் ஆர்.என்.ஏ.யை உயிரணுச் சாற்றில் இட்டனர். ஃபினைல் அலனின் என்ற ஒரே அமினோ அமிலத்தால் ஆன புரதம் உருவாயிற்று. மரபு மொழியின் முதற் சொல் இவ்வாறு படிக்கப்பட்டது. அந்த ஒற்றை எழுத்துச் சங்கிலி, மரியான் கண்ட நொதியின் துணைகொண்டு கோத்ததே.

இதன்பின் அழிப்புத் துறை சில காலம் மந்தமாகவே நடந்தது. ஈ. கோலையில் ஆர்.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதிகள் பல என்று தெரிந்தது. அவற்றுள் எது தலைவன் என்பது தெரியவில்லை. 1978-இல் செயின்ட் லூயி நகரில் அபிரியான் என்பவரின் ஆய்வகத்தார் ரிபோசோம் ஆர்.என்.ஏ. ஒன்றைச் செப்பனிடும் நொதியைக் கண்டு அதற்கு ஆர்.என்.ஏசு ‘ஈ’ என்று பெயரிட்டனர். அதே காலத்தில் ஜப்பானிய ஆய்வாளர் சிலர், தூது ஆர்.என்.ஏ. இயல்புக்கு மாறாக நீடித்து வாழும் ஒரு பாக்டீரிய வகையைக் கண்டனர். இவ்விரண்டும் ஒரே மரபணுவின் செய்தியே என்பது விளங்க 1990-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரவேண்டியிருந்தது. இடையே, 1986-இல் டொனோவன், குஷ்னர் இருவரும் ஒரு முக்கியச் சோதனை செய்தனர். பாஸ்பாரிலேசு இல்லாத பாக்டீரியம் பிழைத்திருந்தது. நீரின் துணையால் கண்ணிகளைக் கழற்றும் ஆர்.என்.ஏசு இரண்டு என்ற நொதி இல்லாததும் பிழைத்திருந்தது. இரண்டும் ஒருங்கே இல்லாவிடின் பாக்டீரியம் மடிந்தது. பழைய ஓலைகளை அழிக்க இயலாத அரசு நிலைக்க முடியாது என்பது அன்று ஐயமின்றித் தெரிந்தது. இவ்விரு நொதிகளின் பெயரையும் நினைவில் வைத்திருங்கள். இறுதியில் மீண்டும் வேண்டியிருக்கும்.

1994-இல் கார்ப்பூசிசும் அவருடைய குழுவினரும் ஆர்.என்.ஏசு ‘ஈ’யைத் தூய்மை செய்ய முயன்றனர். எவ்வளவு முயன்றும் அது தனியே வரவில்லை. பாஸ்பாரிலேசையும் கையோடு அழைத்து வந்தது. 1996-க்குள் கூட்டாளிகள் மேலும் இருவர் இன்னார் என்று தெரிந்தது. இந்நால்வர் கூட்டுக்கு டிகிரடோசோம் என்று பெயர். நாம் அழிப்புத் தொகுதி எனலாம்.

இதன் அமைப்பு அழகானது. ஆர்.என்.ஏசு ‘ஈ’ 1061 அமினோ அமிலங்களால் ஆன நீண்ட புரதம். அதன் முற்பாதி கத்தரி. அவ்வாறு நான்கு முற்பாதிகள் ஒன்றுகூடி நிற்கின்றன. பிற்பாதிக்குத் திட்டமான வடிவமே இல்லை, தொங்கும் கயிறு போன்றது. அக்கயிற்றில்தான் ஏனைய மூவரும் கட்டுண்டிருக்கின்றனர். ஒருவர் ஆர்.என்.ஏ.யின் சுருளையும் மடிப்பையும் விரிப்பவர். ஒருவர் நம் பாஸ்பாரிலேசு. மூன்றாமவர் ஈனோலேசு, சர்க்கரையைச் சிதைத்து ஆற்றலாக்கும் வேலையில் உள்ள நொதி! சமையற்கட்டு ஆள் பதிவறையில் வந்து அமர்ந்திருப்பது போன்ற செய்தி இது. இக்கூட்டம் முழுவதும் உயிரணுவின் உட்சவ்வில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கத்தரி ஓலையின் நடுவே வெட்டும். விரிப்பவர் மடிப்பை நீக்குவார். பாஸ்பாரிலேசு துண்டின் வால்முனையிலிருந்து கண்ணி கண்ணியாகக் கழற்றும்.

அழிக்க வல்லவர்களைக் கட்டுப்படுத்துவது யார் என்ற கேள்வி உங்கள் மனத்தில் எழ வேண்டும். எழாவிடில் நான் சொன்னது போதவில்லை. மூன்று கட்டுப்பாடுகளை மட்டும் கூறுகிறேன்.

புதிய ஆர்.என்.ஏ.யின் தலைமுனையில் மூன்று பாஸ்பேட்டுகள் உண்டு. அவை இருக்குமளவும் கத்தரி அதனை எளிதில் தீண்டுவதில்லை. வேறொரு நொதி வந்து இரண்டைக் களைந்து ஒன்றை மட்டும் விட்டால் கத்தரி விரைந்து பாய்கிறது. முத்திரை உடைந்த ஓலைதான் முதலில் கிழிபடும் என்க. இது 1998 முதல் 2008 வரை நடந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று.

அடுத்தது அதனினும் நுட்பமானது. ஆர்.என்.ஏசு ‘ஈ’யை ஆக்குமாறு சொல்லும் ஓலையும் ஆர்.என்.ஏ.தானே? அதையும் இந்நொதியே வெட்டுகிறது. நொதி மிகுந்தால் தன் பிறப்போலையைத் தானே விரைந்து அழித்துக்கொள்கிறது. குறைந்தால் அவ்வோலை நீடித்து வாழ, நொதி பெருகுகிறது. தன் அளவைத் தானே காத்துக்கொள்ளும் இவ்வேற்பாட்டுக்கு மேலதிகாரி எவரும் தேவைப்படவில்லை.

மூன்றாவது சர்க்கரையைப் பற்றியது. ஈனோலேசு அங்கே அமர்ந்திருப்பதன் காரணத்திலும் ஒரு பகுதி இதில் விளங்குகிறது. உயிரணுவுக்குள் புகும் குளுக்கோசு பாஸ்பேட்டேற்றப்படுகிறது. அதைச் செலவிட முடியாமல் தேங்கவிட்டால் அது நஞ்சாகும். அத்தகைய நெருக்கடியில் பாக்டீரியம் ஒரு சிறிய ஆர்.என்.ஏ.யை வெளியிடுகிறது.  குளுக்கோசை உள்ளே கொணரும் வாயிற்காவலனை ஆக்கச் சொல்லும் ஓலையோடு இணைந்து, அதை அழிப்புத் தொகுதியிடம் பிடித்துக் கொடுக்கிறது. வாயில் சுருங்குகிறது, உயிரணு பிழைக்கிறது. அழிப்புத் தொகுதியில் ஈனோலேசு இல்லாவிடின் அவ்வோலை அவ்வளவு விரைவில் அழிவதில்லை என்று 2004-இல் ஜப்பானிய ஆய்வாளர் காட்டினர். பாக்டீரியம் தானே என்று இகழற்க! நெருக்கடி நேரத்தில் எந்த உத்தரவை முதலில் நீக்க வேண்டும் என்பது அதற்குத் தெரிகிறது.

பாக்டீரியத்தின் கதை இவ்வாறிருக்க, உட்கரு உடைய உயிர்களில் நிலை என்ன? 1997-இல் டேவிட் டாலர்வியும் அவர்தம் குழுவினரும் ஈஸ்டு என்னும் நொதிப்புக் காளானில் பல புரதங்கள் கூடிய ஓர் அழிப்புத் தொகுதியைக் கண்டு அதற்கு எக்சோசோம் என்று பெயரிட்டனர். (உயிரணுக்கள் வெளியே விடும் நுண்ணிய பைகளுக்கும் இதே பெயர் 1980-களிலேயே வழங்கிற்று. இரண்டும் வேறு, தேர்வில் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இத்தொகுதியின் ஆறு புரதங்கள் வளையமாக நிற்க, மேலே மூன்று புரதங்கள் மூடிபோல அமைகின்றன. வளையத்தின் ஆறு புரதங்களும் பாஸ்பாரிலேசின் உறவினர். 2000-இல் லுயிசி குழுவினர் பாஸ்பாரிலேசின் வடிவத்தைக் கண்டபோது அதுவும் நடுவே துளையுள்ள வளையமாகவே இருந்தது. அதில் ஒரே புரதம் மும்முறை வரும், ஒவ்வொன்றிலும் ஒத்த இரு பகுதிகள் உண்டு, ஆக ஆறு. ஒரே குடும்பத்துச் சாயல்!

அத்தனை உறவினரும் கழற்றும் தொழில் அறிந்தவராகவே இருப்பர் என்று முதலில் எதிர்பார்த்தனர். 2006-இல் லிமாவின் ஆய்வகம் மனித எக்சோசோமின் வடிவத்தை வெளியிட்டது. 2006, 2007 ஆண்டுகளின் சோதனைகளால் தெரிந்தது யாதெனில், மனிதரிலும் ஈஸ்டிலும் அவ்வளையத்தின் ஒன்பது புரதங்களுக்கும் பல் இல்லை. பிளக்கும் ஆற்றலை அவை எப்போதோ இழந்துவிட்டன. வெட்டும் வேலையைச் செய்பவர், ஈஸ்டில் வளையத்தின் அடியில் ஒட்டிய பத்தாமவர். டிஸ்3 என்பது அவர் பெயர். அப்படியாயின் பல் இல்லாத ஒன்பது பேர் எதற்கு? அவர்கள் இல்லாமல் ஈஸ்டு வாழ்வதில்லையே! ஆர்.என்.ஏ. வளையத்தின் துளை வழியே, முப்பது கண்ணிகளுக்கு மேற்பட்ட நீளம் நூல்போல் ஓடி, அடியிலுள்ள பல்லை அடைகிறது. மடிந்து சுருண்டது அத்துளையில் நுழையாது. உயிரணுவுக்கு என்றும் வேண்டிய ஆர்.என்.ஏ.க்கள் பெரும்பாலும் மடிந்தும் புரதம் போர்த்தும் இருப்பவை. எனவே குறுகிய வாயிலே காவலாயிற்று. அழிக்க வேண்டியதை விரித்துக் கொண்டுவந்து நுழைக்கத் தனி உதவியாளர் உளர். அவர்களுள் உட்கருவில் இருக்கும் ஒரு கூட்டத்தார் பழுதான ஆர்.என்.ஏ.யின் வாலில் அடினின் எழுத்துகள் சிலவற்றைச் சேர்த்து அடையாளமிடுகின்றனர் என்பது 2005-இல் வெளியாயிற்று.

இவற்றையெல்லாம் அறிய நமக்கு என்ன அவசியம் என்று கேட்கலாம். தசை அழற்சியும் தோல் இறுக்கமும் ஒருங்கே வருத்தும் நோயாளர் சிலரின் குருதியில், தம் உடலின் ஏதோ ஒரு புரதத்தையே தாக்கும் எதிர்ப்பொருள் இருப்பதை மருத்துவர்கள் 1970-களிலேயே அறிந்திருந்தனர். தாக்கப்படுவது இன்னதென்று தெரியாது. 1999-இல் தெரிந்தது: அது மனித எக்சோசோம். ஆய்வாளர் பெயரிடுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே நோயாளரின் குருதி அதைக் கண்டுகொண்டிருந்தது. 2012-இல் மற்றொரு துயரச் செய்தி. பிறந்த குழந்தைகளின் சிறுமூளை வளராமல் சிதைந்து, தண்டுவட நரம்பணுக்களும் மடிகின்ற ஓர் அரிய பரம்பரை நோய்க்கு, எக்சோசோமின் மூடிப் புரதங்களுள் ஒன்றின் மரபணுவில் நேர்ந்த பழுது காரணம் என்று கண்டனர். பல் இல்லாத ஒன்பதின்மரில் ஒருவர்தான் அவரும். டிஸ்3-இல் நேரும் பழுது, எலும்பு மச்சையில் தோன்றும் மயலோமா என்ற புற்றுநோய் உடையார் சிலரிடம் காணப்படுகிறது.

டிஸ்3 யார் குடும்பம் என்று இன்னும் நான் கூறவில்லை. அது ஆர்.என்.ஏசு இரண்டின் குடும்பம். 1986-இல் இரண்டும் ஒருங்கே இல்லாவிடின் பாக்டீரியம் மடியும் என்று காட்டினார்களே, அவ்விரு நொதிகளின் வழித்தோன்றல்களும் நம் உயிரணுக்களில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருந்தி நிற்கின்றன. மேலே பாஸ்பாரிலேசின் குடும்பம் வாயிலாகவும், கீழே மற்றதன் குடும்பம் பல்லாகவும்.

மரியான் அம்மையார் பாரிசுக்குத் திரும்பிய பின்னும் ஆராய்ச்சியை விடவில்லை. பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் தலைமைப் பொறுப்பை 1995-இல் ஏற்றார். அப்பதவிக்கு வந்த முதற் பெண்மணி அவரே. 2013 ஜனவரியில் தம் 91-ஆம் வயதில் காலமானார். அதே ஆண்டில் செருமனியில் எலேனா கான்டியின் குழுவினர், ஆர்.என்.ஏ. இழையைக் கவ்விய நிலையில் ஈஸ்டு எக்சோசோமின் வடிவத்தை வெளியிட்டனர். அப்படத்தில் ஆறு புரத வளையத்தின் நடுவே அவ்விழை நேராக இறங்கி, டிஸ்3-இன் பல்லிடையே முடிகிறது.